நானூற்றில் ஒரு விதை

வெளிவட்டத்தில் பதினாறு, உள்வட்டத்தில் எட்டு, நடுவில் ஒன்று. இடுக்கியின் நுனி ஒரு கோதுமை விதையைக் கவ்வும், ஈரத் தாளின் மேல் வைக்கும், அடுத்ததற்குப் போகும். இடது கை கண்ணாடித் தட்டை ஒரு நூல் அளவு திருப்பிக் கொடுக்கும். விதையோடு விதை ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஒன்றில் முளைக்கும் பூஞ்சை மற்றதன் மேல் தாவிவிடும். அப்புறம் எந்த வீட்டுத் திருடன் எந்த வீட்டில் படுத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க முடியாது. இருபத்தைந்து ஆனதும் மூடி. அடுத்த தட்டு. பதினாறு தட்டு நிறைந்தால் நானூறு விதை.

இருபத்தேழு வருஷமாக இதே நானூறுதான். அதனால் அந்த விதைச் சோதனை நிலையத்தில் வாட்ச்மேன் முதல் ஆபீசர் வரை எல்லாருக்கும் அவள் நானூறு அக்கா. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது தட்டு கழுவ. சோதனை முடிந்த தட்டுகள் வண்டி வண்டியாக வரும். வெந்நீரில் கொதிக்க வைத்துத் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவியதை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கழுவினாள். ஒரு விதையில் பச்சை வெல்வெட், ஒன்றில் இளஞ்சிவப்புப் பஞ்சு, ஒன்றில் கரிப்பொடி. பழைய படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியிலிருந்த படப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இப்படி ஆறு வருஷம். இலாகாப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். அதன் பிறகு மைக்ராஸ்கோப் அவள் மேஜைக்கு வந்தது. அது வந்த முதல் நாள் அதன் முன்னால் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள் என்று இன்னும் கேலி செய்கிறார்கள்.

வீட்டிலும் எண்ணுகிற புத்தி போகாது. புருஷன் வீட்டு முன்னறையிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வருகிற போகிற ஆட்களிடம் சொல்வார்: “கல்யாணத்தன்னைக்கு வந்த ஆளையெல்லாம் எண்ணி முடிச்சிட்டுத்தான் இவ என் முகத்தையே பாத்தா. ரெண்டு பேர் குறையுதுன்னு கவலை வேற.”

அந்தத் திங்கட்கிழமை அவள் பார்க்க எடுத்தது ஏழு நாள் முன்பு ஈரத்தாளில் வைத்த ஒரு மாதிரி. விதை வளர்ப்போர் சங்கத்தின் கிடங்கில் இருக்கும் அறுநூற்று நாற்பது மூட்டைகளிலிருந்து குத்தி எடுத்தது. சுற்றியுள்ள ஐம்பது அறுபது குடும்பங்கள் விதைக்கப்போகும் கோதுமை அதுதான். விதைப்புக்கு இன்னும் பதினைந்து நாள். பத்துத் தட்டு சுத்தம். பதினோராம் தட்டில், வெளிவட்டத்தில் ஐந்தாவது விதையில், மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புதர் தெரிந்தது.

அதில் ஒரு துளியை ஊசியால் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பெரிய லென்ஸைத் திருப்பினாள். பேரிக்காய் மாதிரி, குறுக்கே இரண்டு கோடு, மூன்று அறை. ஒன்றல்ல, நூறு.

நாற்காலியில் சாய்ந்தாள்.

குலைநோய்ப் பூஞ்சை. கோதுமைக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. இலையெல்லாம் பச்சையாகவே நிற்கும்; கதிர் மட்டும் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவன் பயிர் சீக்கிரம் முற்றிவிட்டது என்று சந்தோஷப்படுவான். கிட்டே போய்க் கதிரைக் கசக்கினால் உமிதான் மிஞ்சும். பூஞ்சைத்தூள் காற்றில் பறக்கும், விதையிலும் ஒளிந்து அடுத்த வயலுக்குப் போகும்.

இந்த மூன்றறைப் பேரிக்காயை அவள் முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, இந்த வட்டாரத்துக்கு நோய் வருவதற்கு முன்பு. அப்போது புத்தகத்தில் தவிர யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கு நிச்சயமில்லை. வேறு ஏதாவது பூஞ்சையாக இருந்தால் ஊர்ச் சோற்றில் மண்ணைப் போட்ட பாவம் வருமே என்று மறுபடி வைத்தாள், மறுபடி பார்த்தாள். நாலு நாள் ஆயிற்று. நிச்சயமான பிறகு ஓடிப் போய்ச் சொன்னாள். அதற்குள் இரண்டு லாரி விதை கிடங்கைவிட்டுப் போய் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மூன்று ஊர் வயல்களில் கதிர் வெளுத்தது. அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் எரித்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதனால் இந்தத் தடவை காத்திருக்கவே இல்லை. நேராக ஆபீசரம்மாவின் அறைக்குப் போனாள்.

ஆபீசரம்மாவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. படித்தவள், நியாயமானவள், பயந்தவள். வந்து பார்த்தாள். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “இதுதானேக்கா?”

“இதேதான் மேடம்.”

“அப்ப முடிஞ்சுது. இப்பவே கிடங்குக்கு சீல் வைக்கச் சொல்றேன். எரிக்கிறதுக்கு லெட்டர் அடிச்சிடலாம்.”

“சீல் வையுங்க மேடம். இந்த நிமிஷமே வையுங்க. லெட்டரை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க.”

ஆபீசரம்மா திரும்பிப் பார்த்தாள். அந்த ஒன்பது வருஷக் கதை அவளுக்கும் தெரியும். “அக்கா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்.”

அவளுக்கு உறுத்தியது அந்த விதை. நோய் பிடித்த கதிரில் விளைந்த விதை சப்பிப்போய், சுருங்கி, நிறம் மங்கி இருக்கும். இது கொழுகொழுவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. புதரும் முளை இருக்கிற இடத்தில் இல்லை. விதையின் வால் பக்கத்து மயிர்க்குச்சத்தில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரன் மாதிரி இல்லை, வழியில் ஏறிக்கொண்டவன் மாதிரி இருந்தது.

“இதே பூஞ்சை நெல்லுலயும் வரும் மேடம். பார்க்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி. லென்ஸுல பிரிக்க முடியாது. ஆனா நெல்லுல இருக்கறது கோதுமையை ஒண்ணும் பண்ணாது. இது எதுன்னு பாக்கணும்.”

“தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பினா மெஷின்ல பார்த்துச் சொல்வாங்க.”

“ஒன்றரை மாசம் ஆகும். விதைப்பே முடிஞ்சிடும்.”

“கிடங்குல இன்னொரு மாதிரி எடுக்கலாமா?”

“சீல் வெச்சா முடிவு கையெழுத்தாகற வரைக்கும் கதவு திறக்காதே மேடம். நடுவுல திறக்க மேலிடத்து உத்தரவு வேணும். அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? என்கிட்ட அதே பையில ஒரு கிலோ மிச்சம் இருக்கு. அது போதும்.”

ஆபீசரம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். “அடுத்த புதன்கிழமை காலை. அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட என்னால தள்ள முடியாது. இல்லேன்னா லெட்டர் போகும்.”

ஒன்பது நாள். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வெளியே வந்தாள். பார்க்காமல் விட்ட மிச்ச ஐந்து தட்டையும் பார்த்து முடித்தாள்; சுத்தம்.

மூட்டையில் குத்தி மாதிரி எடுத்து வருகிற ஆளுக்கு அவர் கருவியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: குத்தூசி. பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. மாதிரி வாங்கும் அறையில் தன் குத்தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சங்கத்துக் கிடங்குல எடுத்தியே தம்பி, எப்படி எடுத்தே? ஒண்ணு விடாம சொல்லு.”

“என்னக்கா, போலீஸ் விசாரணையா? எப்பவும் மாதிரிதான். மூலைக்கு ஒரு மூட்டை, நடுவுல ஒரு மூட்டை, மேல, கீழ. ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவுல கம்பியைச் சுத்தமா துடைச்சேன். நீங்க எழுதி ஒட்டினதுதானே.” சுவரைக் காட்டினார். பத்து வருஷப் பழைய நோட்டீஸ். அவள் கையெழுத்து. *ஒவ்வொரு மூட்டைக்குப் பிறகும் குத்தூசியைத் துடைக்கவும்.*

“எதால துடைச்சே?”

“துணி குடுக்கறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டா ஸ்டோர்ல சிரிக்கிறாங்க. நான் என்ன, வேட்டியைக் கிழிச்சா துடைப்பேன்? பைல எப்பவும் ஒரு பிடி வைக்கோல் வெச்சிருப்பேன். துணியைவிட அதுதான்க்கா நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது. காஞ்ச வைக்கோலை முறுக்கி, காடிப் பள்ளத்துக்குள்ள விட்டு ஒரு இழு, கம்பி கண்ணாடி மாதிரி ஆகிடும்.”

“என்ன வைக்கோல்?”

“நெல்லு வைக்கோல்தான். வேற எது அவ்வளவு மெதுவா இருக்கும்?”

சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த வைக்கோல் முறுக்கைப் பார்த்தார். மெல்ல மேஜைமேல் வைத்தார், பாம்புக் குட்டியை வைக்கிறமாதிரி.

“அக்கா, நான் சுத்தமாத்தானே...”

“அழுக்கா எடுத்திருந்தா இந்த வினையே இல்லை” என்றாள் அவள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. துடை என்று எழுதினவளுக்கு எதைக்கொண்டு என்று எழுதத் தோன்றவில்லையே.

அந்த முறுக்கைத் துண்டு துண்டாக நறுக்கி ஈரத்தாளில் வைத்தாள். ஆனால் வைக்கோலில் பூஞ்சை இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரன் திருடன் என்பதால் நம் வீட்டில் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா? விதைக்குள்ளேயும் இருக்கலாம், வைக்கோலிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த விதையைச் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்தாள். மேலே ஒட்டியது எதுவாக இருந்தாலும் அதில் செத்துவிடும். உள்ளே இருப்பது சாகாது. மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி ஈரத்தாளில் வைத்தாள். இந்தத் தடவை நானூறு போதாது என்று தோன்றியது. அறுபத்து நாலு தட்டு, ஆயிரத்து அறுநூறு விதை. சாயங்காலம் அவள் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. கதவருகே நின்ற குத்தூசி, “இனிமே பேரை மாத்தணும், கூப்பிடறதுக்குள்ள பஸ் போயிடும்” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் பேச்சுக்குத்தான் சொன்னார்.

அடுத்தது அந்த ஒரு விதை. ஒரு கரண்டித் தண்ணீரில் அதைக் கழுவினாள். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கலங்கியது. முளைப்பு அறையில் இரண்டு மூன்று இலை விட்ட கோதுமை நாற்றும் நெல் நாற்றும் தொட்டிகளில் எப்போதும் இருக்கும். பதினெட்டுக் கோதுமை இலையில் பதினெட்டுச் சொட்டு. பதினெட்டு நெல் இலையில் பதினெட்டுச் சொட்டு. வேறு இரண்டு தொட்டிகளில் வெறும் தண்ணீர்ச் சொட்டு. சொட்டுக் குழாய் காலியாகிவிட்டது. இன்னொரு தடவை செய்ய வேறு விதை கிடையாது; இருந்தது அந்த ஒன்றுதான். தொட்டிகளைப் பாலித்தீன் போட்டு மூடி, உள்ளே நனைத்த பஞ்சு வைத்து, ஒரு நாள் இருட்டில் வைத்தாள்.

கிடங்குக்காரர் புதன்கிழமை வந்தார். சங்கத்துக் கிடங்கின் சாவி முப்பது வருஷமாக அவர் இடுப்பில்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். தாழ்வாரத்துப் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உள்ளே படுத்திருப்பவரை விசாரிக்கிறமாதிரி விசாரித்தார்: “எப்படி இருக்கு தங்கச்சி?”

“இன்னும் ஒண்ணும் தெரியலை அண்ணே.”

“நான் இங்கயே உக்காந்திருக்கேன். தொந்தரவு பண்ண மாட்டேன்.”

தொந்தரவு பண்ணவில்லைதான். தினம் காலையில் வந்து சாயங்காலம் போனார். அந்த இருப்பே தொந்தரவாக இருந்தது. அவள் ஒவ்வொரு தடவை முளைப்பு அறைக்குப் போகும்போதும் அவருடைய பார்வை கூடவே போய்க் கதவு வரைக்கும் விட்டுவிட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: “பசங்க பூட்டை உடைச்சிடலாம்னு பேசிக்கிறாங்க. ஒரு விதைக்காக அறுநூறு மூட்டையான்னு கேக்கறாங்க. நான்தான் ராத்திரியில கதவுக்குக் குறுக்கே கட்டில் போட்டுப் படுத்திருக்கேன்.”

“நல்லா படுங்க அண்ணே. எழுந்திருக்காதீங்க.”

“எழுந்திருக்க மாட்டேன். என் ஊர் எரிஞ்ச ஊர் தங்கச்சி. எனக்குத் தெரியும்.”

அவள் கையிலிருந்த தட்டைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். மூன்று ஊரில் அவர் ஊரும் ஒன்று.

சொட்டு விட்ட நாலாம் நாள், சனிக்கிழமை, நெல் இலையில் ஒன்றுமில்லை. கோதுமையிலும் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஞாயிறு; நிலையத்துக்கு விடுமுறை. வாட்ச்மேனிடம் சொல்லித் திறந்துகொண்டு போனாள். பூதக்கண்ணாடியை வைத்து இலை இலையாகப் பார்த்தாள். நெல் சுத்தமாக இருந்தது. கோதுமையில், ஏழாவது இலையில், ஒரு பழுப்புப் புள்ளி. ஊசிமுனை அளவு.

நெல்லில் வராமல் கோதுமையில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைவிடக் கஷ்டம் இன்னொன்று: இரண்டிலும் ஒன்றும் வராவிட்டால் சொட்டிலிருந்த தூளே செத்துப்போயிருக்கலாம். அப்போது சுத்தமான கோதுமை இலை எதையும் சொல்லாது, ஊமைச் சாட்சி. நெல்லில் நோய் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தாள். புள்ளியின் இரண்டு பக்கமும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டாள். வளர்ந்தால் கோட்டைத் தாண்டும்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். டயரில் ஆணி மாதிரி ஒரு முள்.

“சைக்கிள்காரன் அழுதுகிட்டே வந்தான்” என்றார் அவர். “ட்யூபே போச்சுன்னு. தண்ணில அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரலை. முள்ளு டயரோடயே நின்னுடுச்சு. உள்ள போகலை.”

அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணில போடறதுக்கு முன்னாடியே தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். முப்பது வருஷமா பாக்கறேன். ஆனா தெரியும்னு சொல்லி அவனை அனுப்பிட்டு, பாதி வழியில காத்து இறங்கினா? அமுக்கிப் பாத்துட்டுத்தான் அனுப்பணும்.” சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். “சாப்பிட்டியா?”

“பசிக்கலை.”

“ரெண்டு நாளா பசிக்கலை. நீ நாளை எண்ணு, வேண்டாங்கலை. நடுவுல சாப்பாட்டையும் எண்ணிக்கோ.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போனாள். கிடங்குக்காரர் அவளுக்கும் முன்னால் பெஞ்சில் இருந்தார். பாலித்தீனை விலக்கினாள்.

நெல் இலைகளில் வந்துவிட்டது. கண் வடிவத்தில், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. ஒன்று, இரண்டு, எண்ணினாள். பதினெட்டு இலையில் பதினான்கில். தூள் உயிரோடுதான் இருந்திருக்கிறது. கோதுமைத் தொட்டிக்குத் திரும்ப அவளுக்குத் தைரியம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஏழாவது இலையின் புள்ளி பென்சில் கோடுகளுக்கு நடுவே நேற்று இருந்தபடியே உட்கார்ந்திருந்தது. மற்றப் பதினேழு இலையிலும் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் விட்ட தொட்டிகள் சுத்தம்.

அப்போதும் மூச்சை விடவில்லை. அந்த இலையை வெட்டி, புள்ளி மேலே தெரிய, ஈரத்தாளில் வைத்தாள். நெல் இலை ஒன்றையும் வெட்டிப் பக்கத்துத் தட்டில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை நெல் புள்ளியின் மேல் சாம்பல் புதர் முளைத்திருந்தது. லென்ஸில் மூன்றறைப் பேரிக்காய். கோதுமைப் புள்ளியின் மேல் எதுவும் இல்லை. பூஞ்சை கதவைத் தட்டியிருக்கிறது, இலை திறக்கவில்லை. நறுக்கி வைத்த வைக்கோல் துண்டுகளில் பத்தில் மூன்றில் அதே பேரிக்காய்.

மிச்சம் அந்த அறுபத்து நாலு தட்டு. செவ்வாய்க்கிழமை ஏழு நாள் நிறைந்தது. மதியம் வரை இருபத்தைந்து தட்டு, நாலு மணி வரை ஐம்பது. கண் மங்கும்போது ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். ஐம்பத்து மூன்றாம் தட்டில் சாம்பல் நிறமாக ஒன்று தெரிந்தது. லென்ஸைத் திருப்பினாள். தடி மாதிரி கறுத்த நீளம், வேறு பூஞ்சை, கிடங்குகளில் சாதாரணம். அறுபத்து நாலாம் தட்டை மூடியபோது ஐந்தே முக்கால். ஆயிரத்து அறுநூறில் ஒன்றில்கூட இல்லை.

தாழ்வாரத்துக்கு வந்தாள். கிடங்குக்காரர் எழுந்து நின்றார். அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தார்.

“நாளைக்குக் காலையில ஆபீசரம்மா கையெழுத்துப் போடணும் அண்ணே. அதுக்கு முன்னாடி நான் சொல்லக்கூடாது.”

“சரி.” உட்காரவில்லை. “ஒண்ணு கேக்கலாமா? ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நாலு நாள் எடுத்துக்கிட்டது நீங்கதானாமே?”

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. “ஆமா அண்ணே.”

“இப்ப ஒன்பது நாள்.”

“ஆமா.”

“அன்னைக்கு லேட்டா சொன்னீங்க, கெட்டோம். இன்னைக்கு உடனே சொல்லியிருந்தாலும் கெட்டிருப்போமோ என்னவோ.” டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். “எப்பச் சொன்னாத்தான் நல்லதுன்னு எனக்குப் புரியலை தங்கச்சி.”

“எனக்கும்தான் அண்ணே” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். கோபமா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறிக்கைப் படிவத்தில் முடிவு எழுத ஒரே ஒரு வரிதான் உண்டு. ‘நோய் இல்லை’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். குத்தூசி பின்னால் வந்து நின்றார்.

“என் பேர் வருமாக்கா?”

“உன் பேர் வராது. வைக்கோல் வரும். நோட்டீஸ் எழுதினவ பேர் வரும்.”

“உங்களுக்கு எதுக்குக்கா வம்பு? இல்லைன்னு எழுதினா எல்லாரும் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க.”

“இருந்துச்சே தம்பி. நானூறுல ஒண்ணுல இருந்துச்சே. அதை எழுதாம எப்படி?”

தனித்தாள் எடுத்தாள். கண்டது கண்டபடி எழுதினாள். பதினோராம் தட்டு, வெளிவட்டம், ஐந்தாவது விதை, வால்முனையில் மட்டும். மாதிரி எடுத்த கம்பி நெல் வைக்கோலால் துடைக்கப்பட்டது. எதைக்கொண்டு துடைப்பது என்று நான் எழுதிய நோட்டீஸில் இல்லை. அந்த வைக்கோலில் அதே பூஞ்சை. நெல் இலையில் பதினெட்டில் பதினான்கு, கோதுமையில் வளரவில்லை. உட்பக்கச் சோதனையில் ஆயிரத்து அறுநூறில் பூஜ்யம். இன்ன வகை என்று மெஷின் சொல்லும்வரை நூற்றுக்கு நூறு என்று சொல்ல இயலாது. விதைக்கலாம் என்று எழுதுகிறேன். விதைத்த வயல்களைக் கதிர் வரும்போது நானே போய்ப் பார்ப்பேன். கடைசி வரியை எழுதிவிட்டு அடித்தாள். பிறகு மறுபடி அதையே எழுதினாள்.

புதன்கிழமை காலை ஆபீசரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். “நூற்றுக்கு நூறு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே அக்கா. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“போடாம இருக்கலாம் மேடம். அப்ப எரிக்கிற லெட்டர்ல போடணும். அதுலயும் நூற்றுக்கு நூறு இல்லை.”

ஆபீசரம்மா பேனாவை வெகுநேரம் விரலில் உருட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிடங்குக்காரர் தெரிந்தார். கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தினாள். “கதிர் வர்றப்ப நானும் வர்றேன்” என்றாள்.

தாழ்வாரத்தில் கிடங்குக்காரர் எழுந்து நின்றார். இன்று டப்பா கொண்டுவரவில்லை. அவள் தாளை நீட்டினாள்.

“விதைங்க அண்ணே. முழுசாப் படிச்சிட்டு விதைங்க. எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. கதிர் வந்தா தினம் காலையில ஒரு சுத்து போங்க. இலை பச்சையா இருந்து கதிர் மட்டும் வெளுத்து ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே வந்து சொல்லுங்க. மறுநாள் இல்லை, அன்னைக்கே.”

“அன்னைக்கே” என்றார் அவர். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைக்கப் போனவர் நிறுத்தி மறுபடி பிரித்து, முதல் வரியிலிருந்து உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் கடைசி வரிக்கு வரும்வரை அங்கேயே நின்றாள்.